தற்காலிகப் பணியாளரின் வேலை நேரத்தை நீட்டிக்கக் கோப்பு வைப்பது எப்படி

போன மாசி மாதம் தாராபுரம் பக்கத்திலிருந்து ஓர் உதவியாளர் போன் செய்தார். அவருடைய அப்பாவும் நானும் ஒரே பிரிவில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அந்த உரிமையில் ஏதாவது கோப்பு சிக்கினால் கூப்பிடுவார்.

"ஏனுங்க மாமா, எங்க ஆபீசுல கூட்டிப் பெருக்குற அம்மாவுக்கு ஆர்டர் இந்த 31-ஓட முடியுதுங்க. அவங்களுக்கு நாலு மணி நேரம்னுதான் இருக்குது. ஆனா மத்தியானம் ரெண்டு, ரெண்டரை வரைக்கும் வேலை ஓடுதுங்க. காலத்தையும் நேரத்தையும் சேர்த்து நீட்டிச்சுத் தரச் சொல்லி ஒரு லெட்டர் வெச்சாப் போதுங்களா?"

"போதாது அம்மிணி" என்றேன். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினோம். கோபியிலும் பவானியிலும் ஈரோட்டிலுமாக 33 வருடம் இந்தக் காகிதங்களோடு கிடந்தவன் நான். கடைசி ஒன்பது வருடம் கண்காணிப்பாளர். அன்று அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் பிரிவு எழுத்தராகப் புதிதாக உட்காருபவர்களுக்கும், அந்தக் கோப்பில் பெயர் இருக்கிற பணியாளர்களுக்கும் உதவும்.

முதலில், முடிவது எது?

"தற்காலிகம்" என்ற ஒரே சொல்லை மூன்று காரியத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சில இடங்களில் பணியிடம்தான் தற்காலிகம். அதில் இருப்பவர் தேர்வாணையம் மூலம் வந்தவர், காலமுறை ஊதியம் வாங்குபவர். ஆனால் பணியிடத்தை ஒப்பளித்த ஆணையில் இத்தனை வருடம் என்று வரம்பு இருக்கும். வாத்தியார்கள் மாதக் கடைசியில் "பே ஆர்டர் வந்துருச்சுங்களா" என்று கேட்டுக்கொள்வது இதைப் பற்றித்தான். அதற்குத் தொடர் நீட்டிப்பு ஆணை வேண்டும். துறைத் தலைமை வழியாகக் கோட்டைக்குப் போய், நிதித் துறை சம்மதித்து வர வேண்டியது. அது வருவதற்குள் சம்பளம் நிற்காமலிருக்கச் சில மாதத்துக்கு ஊதியக் கொடுப்பாணை தருவார்கள். நம் மட்டத்தில் செய்ய வேண்டியது பணியிட விவரத்தைச் சரியாக அனுப்புவது மட்டுமே.

சில இடங்களில் ஆள்தான் தற்காலிகம். பணியிடம் இருக்கிறது, முறைப்படி ஆள் வரத் தாமதமாகிறது, வேலை நிற்கக் கூடாது என்று ஒருவரை வைத்துக்கொள்வது. பழையவர்கள் இதைப் "பத்து ஏ ஒன்னு" என்பார்கள். தமிழ்நாடு மாநில மற்றும் சார்நிலைப் பணி விதிகளில் 10(அ)(i) என்று இருந்தது. 2016-இல் அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டம் வந்த பிறகு அதே விஷயம் 17-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. இன்னும் பழைய விதியை மேற்கோள் காட்டிக் கருத்துரு (மேலே அனுப்பும் முன்மொழிவு) எழுதினால் மேலே இருப்பவர் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். முறையான ஆள் வந்ததும் இடத்தை விட வேண்டும், இப்படி இருந்ததாலேயே பின்னால் முன்னுரிமை கேட்க முடியாது என்பது இந்த நியமனத்தின் அடிப்படை. நீட்டிப்பு ஆணை ஒவ்வொன்றிலும் இதை எழுத வேண்டும். கையில் ஆணை வாங்குகிறவருக்கு வாயாலும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நேரம். பகுதி நேரமாக வைத்தவரின் நேரத்தைக் கூட்டுவது. தாராபுரத்துக் கேள்வி இது. மூன்றிலும் மிகச் சின்னதாகத் தெரிவதும், மிக அதிகமாகச் சறுக்குவதும் இதுதான்.

நேரத்தை எந்த மட்டத்தில் நிர்ணயித்தார்களோ அந்த மட்டத்தில்தான் மாற்ற முடியும். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் என்பது அரசு முடிவு. ஒரு தலைமையாசிரியர் தன் பள்ளியில் நாலாவது அரை நாளும் வரச் சொன்னால் அதற்குக் காகிதத்தில் மதிப்பு கிடையாது. வந்தவருக்குக் கூலியும் கிடையாது. அதே சமயம், மாவட்ட அலுவலர் தன் அதிகாரத்தில் சில்லறைச் செலவினத்தில் (அலுவலகத்தின் அன்றாடச் செலவுப் பணத்தில்) வைத்த பெருக்குபவரின் நேரத்தை அதே அலுவலர் மாற்றலாம், பணமும் அதிகார வரம்பும் இடம் கொடுத்தால். இதைத் தெரிந்துகொள்ளாமல் கடிதம் எழுதினால், முகவரியே தப்பாகிவிடும்.

மூல ஆணையைத் தேடுங்கள்

நீட்டிப்பு ஆணைகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொன்றும் முந்தைய வருடத்து ஆணையை மட்டும் "பார்வை" என்று காட்டும். அது அதற்கு முந்தையதைக் காட்டும். பன்னிரண்டு வருடம் இப்படியே படியெடுத்து எழுதிக்கொண்டே வந்தால், முதல் ஆணையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். பதிவறைக்குள் போய், கட்டுகளை இறக்கி, முதல் ஆணையை எடுக்க வேண்டும். தூசிக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், பூரான் இருக்கும்.

எடுத்த பிறகு பார்க்க வேண்டியது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், யார் எந்த அதிகாரத்தில் கொடுத்தது, எந்தக் கணக்குத் தலைப்பு (செலவை எந்தக் கணக்கில் எழுதுவது). கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் தாண்டிப் போவார்கள். 301 என்றால் சம்பளம். 302 என்றால் கூலி. 333 என்றால் தொழில்முறை மற்றும் சிறப்புப் பணிகளுக்கான தொகை. 302-இல் கூலி வாங்கியவருக்கு ஒரு வருடம் மட்டும் 333-இல் பட்டியல் போட்டு, மறு வருடம் திரும்ப 302 என்று போனால், தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். வெளிமுகமை (ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம்) மூலம் வந்தவர் என்றால் கதையே வேறு; அவருக்கு ஆணை கொடுப்பது நாமல்ல, ஒப்பந்ததாரர். அந்தக் கோப்பில் நீட்டிக்க வேண்டியது ஒப்பந்தத்தை.

காலமும் நேரமும் தனித்தனிக் கோப்பு

"சேர்த்து நீட்டிச்சுத் தரச் சொல்லி" என்று அவர் கேட்டாரே, அங்கேதான் நான் அவரை நிறுத்தினேன். காலத்தை நீட்டிப்பது பழைய செலவைத் தொடர்வது. நேரத்தைக் கூட்டுவது புதிய செலவு. இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தால் புதிய செலவுக்குக் கேள்வி வரும், கேள்விக்குப் பதில் போகும், அதற்குள் பழைய ஆணை காலாவதியாகிவிடும். நாலு மணி நேரமும் போய், ஆறு மணி நேரமும் கிடைக்காமல், அந்த அம்மா ஏப்ரல் மாதம் சும்மா பெருக்கிக்கொண்டிருப்பார். ஒரே நாளில் வைத்தாலும் தனித்தனி ந.க. எண் (கோப்பு எண்) போட்டு வையுங்கள்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஆணை மார்ச் 31-இல் முடிகிறது என்றால், மார்ச்சில் கோப்பு வைப்பது சாமியைக் கும்பிட்டுவிட்டு உட்காருவது போலத்தான். எங்கள் பக்கம் பங்குனி வந்தால் பண்ணாரி குண்டம். சத்தியிலும் கோபியிலும் பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் விடுப்பு. கருவூலத்திலோ வருடக் கடைசிப் பட்டியல்கள் மலை மாதிரி. டிசம்பர் முதல் வாரத்தில் காலக் கோப்பு மேலே போயிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. நேரக் கோப்பு அதற்கும் முன்னால். அடுத்த வருட வரவு செலவு மதிப்பீடு கேட்டுக் கடிதம் வருமே, அதற்குப் பதில் எழுதும்போதே கூடுதல் நேரத்துக்கான கூலியை 302-இல் கேட்டிருக்க வேண்டும். அங்கே கேட்காமல் விட்டுவிட்டு ஏப்ரலில் கேட்டால் "நிதி ஒதுக்கீடு இல்லை" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வரியை எழுதுகிறவர் மேல் தப்பில்லை.

நேரத்தைக் கூட்டச் சொல்லி எழுதும் விதம்

இதைச் சொல்வதற்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

1990-களில் நான் உதவியாளராக இருந்த ஓர் அலுவலகத்தில் பெருக்குவதற்கு ஓர் அம்மா இருந்தார். 1994-இல் வைத்தார்கள். ஆணையில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். வந்த புதிதில் அது சரிதான், இரண்டு அறைக் கட்டடம். பின்னால் புதுக் கட்டடம் வந்தது, மாடி வந்தது, வரிசையாகக் கழிப்பறை வந்தது. அந்த அம்மா காலை எட்டு மணிக்குக் கவுந்தப்பாடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இறங்கினால் மூன்று மணிக்குத்தான் கிளம்புவார். தண்ணீர் பிடித்து வைப்பது, தபாலுக்குப் பசை காய்ச்சுவது எல்லாம் அவர்தான். ஆணை மட்டும் இரண்டு மணி நேரத்திலேயே நின்றது. மீதி நேரத்துக்கு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாதம் 150 ரூபாய் கொடுத்தோம். நல்ல காரியம் செய்வதாக எல்லாருக்கும் நினைப்பு. 1998-இல் நேரத்தைக் கூட்டலாமா என்று ஒரு குறிப்பு வந்தபோது, "தற்போதைய ஏற்பாடே போதுமானது" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தது நான். கோப்பு ஒன்று குறைந்தது என்ற நிம்மதி.

28.2.2006 தேதியிட்ட அரசாணை 22 வந்தது. 1.1.2006 அன்று பத்து வருடம் முடித்த தினக்கூலிகளை வரன்முறைப்படுத்தலாம், அதாவது நிரந்தரமாக்கலாம் என்று. அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடம். மனு போனது, திரும்பியது, மறுபடி போனது. 27.6.2013 தேதியிட்ட அரசாணை 74 தெளிவுபடுத்திவிட்டது: முழு நேரம் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும்தான், பகுதி நேரத்துக்கு இல்லை. அவர் ஏழு மணி நேரம் வேலை பார்த்ததற்கு அலுவலகம் முழுக்க சாட்சி. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் காகிதம் இருந்தது. என் கையெழுத்தும் அதில் இருந்தது.

ஆகவே, ஆணையில் இல்லாத நேரத்துக்கு ஒருவரை வேலை வாங்காதீர்கள். வேலை இருக்கிறது என்றால் கோப்பு வையுங்கள். "சரி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பதில் நமக்கு அட்ஜஸ்ட் ஆகிறது, அவர்களுக்கு ஆவதில்லை.

கருத்துருவில் "பணிச்சுமை அதிகரித்துள்ளபடியால்" என்று எழுதி எந்தப் பயனும் இல்லை. எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நேரம் நிர்ணயித்த அன்று என்ன இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அன்று நாலு அறை, இன்று பதினொன்று. அன்று கழிப்பறை இரண்டு, இன்று ஆறு. மாடிப்படி இல்லை, இருக்கிறது. முன்புறம் வேப்ப மரம் எத்தனை. சிரிக்காதீர்கள், பங்குனியில் உதிரும் சருகை அள்ளவே ஒரு மணி நேரம் வேண்டும். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதி, கூட்டிப் பார்த்து, அலுவலகத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி இணையுங்கள். ஒரு வாரம் உண்மையாகவே கடிகாரம் பார்த்து எழுதினால் நல்லது. நான் பின்னாளில் பவானியில் அப்படிச் செய்தேன். ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் வந்தது. ஆறு கேட்டேன். எப்படி ஆறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தது பணம். மாவட்ட ஆட்சியர் வருடா வருடம் நிர்ணயிக்கும் தினக்கூலி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு புரிவதற்காக எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 75. நாலு மணி நேரத்துக்கு 300. 26 நாளுக்கு 7,800. ஆறு மணி நேரமானால் 450. 26 நாளுக்கு 11,700. மாதம் கூடுதல் செலவு 3,900, வருடத்துக்கு 46,800. கடைசி எண்ணைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். கோப்பைப் படிக்கிற மேலதிகாரி தேடுவது அந்த ஒரு எண்ணைத்தான். அவரைப் பெருக்கிப் பார்க்க விட்டால் கோப்பு மேசையின் மறுபக்கம் போய்விடும். விகிதம் ஏப்ரலில் மாறும் என்பதால் "அவ்வப்போது நிர்ணயிக்கப்படும் விகிதத்தில்" என்ற சொற்களும் வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து ரூபாய் கூடினாலும் இன்னொரு கோப்பு.

முழு நாளைத் தொட்டுவிட்டால் விஷயம் மாறுகிறது. பகுதி நேரத்தை முழு நேரமாக்குவது வெறும் மணிக்கணக்கு இல்லை. கிட்டத்தட்டப் புதிய பணியிடம் கேட்பது மாதிரி. நிதித் துறை வரைக்கும் போக வேண்டியிருக்கும். இதற்குப் பயந்துகொண்டு எட்டு மணி நேர வேலையை ஆறு என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் செய்த காரியத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஆறுதான் கிடைக்கும் என்றால் ஆறு மணி நேரத்தில் அனுப்பிவிடுங்கள். மீதியை அலுவலக உதவியாளரோ வேறு யாரோ பார்க்கட்டும்.

ஆணையும் வருகைப் பதிவேடும்

ஆணை வரைவில் தேதியைக் கவனியுங்கள். நேரம் கூட்டும் ஆணை, பிறப்பித்த நாளிலிருந்தோ அதற்குப் பிந்தைய ஒரு நாளிலிருந்தோ நடைமுறைக்கு வர வேண்டும். முன்தேதியிட்டு எழுதிவிட்டுக் கருவூலத்தில் மல்லுக்கு நிற்காதீர்கள். ஏற்கெனவே ஆணை இல்லாமல் வேலை வாங்கியாகிவிட்டது என்றால், நடந்ததை நடந்தபடி எழுதிப் பின்னேற்பு ஆணை (நடந்து முடிந்ததற்குப் பின்னால் தரும் ஒப்புதல்) கேளுங்கள். ஏன் தாமதம் என்று ஒரு விளக்கம் கேட்பார்கள். கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

செய்யவே கூடாதது, செயற்கையாக இடைவெளி விடுவது. 89 நாள் வேலை, ஒரு நாள் வீட்டுக்கு, திரும்ப 89 நாள் என்று முன்பெல்லாம் எழுதுவார்கள். அந்த ஒரு நாளும் பணியாளர் வந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பதிவேட்டில் மட்டும் இருக்க மாட்டார். நீதிமன்றங்கள் இதையெல்லாம் நிறையப் பார்த்துவிட்டன.

தற்காலிகப் பணியாளருக்குத் தனி வருகைப் பதிவேடு வையுங்கள். வரும் நேரம், போகும் நேரம் இரண்டையும் அவர் கையாலேயே எழுதட்டும். ஆணையில் "காலை 8 முதல் 2 வரை" என்று இருந்து, பதிவேட்டில் வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் அந்த ஆறு மணி நேரத்தை யாரும் நிரூபிக்க முடியாது. நேரத்தைக் குறிக்கும்போது பஸ்ஸையும் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலு முதல் ஆறு என்று பிரித்துப் போட்டு ஓர் அம்மாவை நாள் முழுக்க அலுவலகத் திண்ணையில் உட்கார வைத்த ஆணையை நான் பார்த்திருக்கிறேன்.

டீக்கடைச் சட்டம்

240 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்பார்கள். அது 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த தொழிற்தகராறு சட்டத்தில், ஆட்குறைப்பு செய்யும்போது அறிவிப்பும் இழப்பீடும் கொடுப்பதற்கு இருந்த கணக்கு. 480 நாள் என்பார்கள். அது 1981-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழில் நிறுவனத் தொழிலாளர்களுக்கு. திருப்பூர் கம்பெனியில் பேசலாம், நம் அலுவலகத்தில் எடுபடாது. பத்து வருடம் என்பார்கள். 2006 ஏப்ரல் 10 அன்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பளிக்கப்பட்ட பணியிடத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு ஒரே ஒருமுறை வழி காட்டியது. அது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல.

ஆனால் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2024 டிசம்பர் 20 அன்று வந்த ஜக்கோ வழக்கின் தீர்ப்பு, மத்திய நீர் ஆணையத்தின் ஃபரிதாபாத் அலுவலகத்தில் பல வருடம் பெருக்கியும் தோட்ட வேலை பார்த்தும் வந்தவர்களைப் பற்றியது. எப்போதும் தேவைப்படுகிற வேலையைச் செய்தவர்களை, பகுதி நேரம், தற்காலிகம் என்ற பெயரைச் சொல்லித் தள்ள முடியாது என்று சொல்லி வரன்முறைப்படுத்த உத்தரவிட்டது. நம் ஊர்க் கோப்பில் இதை வைத்து நாளைக்கே ஆணை வாங்க முடியாது. ஆனால் உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்ற காகிதத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

பணியாளராக இருந்து இதைப் படிப்பவருக்கு: ஒவ்வொரு ஆணையின் நகலையும் வாங்கி வீட்டில் வையுங்கள். கூலி வங்கிக் கணக்கில் வரட்டும், பாஸ்புக்கை மாதா மாதம் பதிந்துகொள்ளுங்கள். நகல் தர மாட்டோம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் வரும். வருடத்துக்கு ஒருமுறை, சண்டை இல்லாமல், ஆணை வந்த வாரத்திலேயே "ஒரு நகல் கொடுங்க சார்" என்று கேட்டு வாங்கிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

தாராபுரத்திலிருந்து பத்து நாள் கழித்துத் திரும்ப போன் வந்தது. பதிவறையில் முதல் ஆணை கிடைத்துவிட்டதாம்.

"மாமா, இதுல மூணு மணி நேரம்னுதானுங்க இருக்குது. நாலுன்னு எந்த வருசம் யாரு மாத்துனாங்கன்னே தெரியலைங்க. மாத்துன ஆர்டரே கிடையாதுங்க."

படியெடுக்கும்போது யாரோ ஒருவர் மூன்றை நாலாக்கியிருக்கிறார். இரக்கத்திலா, கைத்தவறா என்று தெரியாது. நாலாவது மணி நேரத்துக்குக் கூலி மட்டும் ஆறு வருடமாகப் போயிருக்கிறது. காலத்தை நீட்டிக்கும் கோப்பை மூலத்தில் உள்ளபடி உடனே அனுப்பிவிடச் சொன்னேன். அந்த நாலாவது மணிக்குப் பின்னேற்பு கேட்டு ஒன்று, ஆறு மணி நேரம் கேட்டு ஒன்று. ஆக மூன்று கோப்பு. முதலாவது அன்று மாலைத் தபாலிலேயே போய்விட்டது. மூன்றாவதுக்காக இப்போது அந்த அம்மாவும் அவருமாகச் சேர்ந்து அறைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.